கூரையில் நானூற்றுப் பதினேழு பேர்

என் அண்ணியின் தலைமுடியில் எப்போது பார்த்தாலும் ஆரஞ்சு நிறத்தில் ஏதோ பொடி இருக்கும். சாயம் என்று நினைத்துக்கொண்டு எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று கேட்டவர்கள் உண்டு. சாயமில்லை. பழைய கார்களில் உள்கூரைத் துணிக்கும் அதைத் தாங்கும் அட்டைக்கும் நடுவில் மெல்லிசாக ஒரு ஸ்பாஞ்ச் இருக்கிறது. பத்துப் பதினைந்து வருடம் வெயிலில் வெந்தால் அது மட்கி மாவாகிவிடும். பிடிமானம் போன துணி நனைந்த போர்வை மாதிரித் தொங்கி, ஓட்டுகிறவர் தலையில் உரச ஆரம்பிக்கும். அதைக் கழற்றும்போது கொட்டுகிற மாவுதான் அண்ணியின் தலையில் இருப்பது. என் தலையிலும் இருக்கும். ஆனால் என்னை யாரும் கேட்டதில்லை.

அண்ணியும் நானும் சேர்ந்து நடத்துவது ஒரு குஷன் கடை. தகரக் கொட்டகை, உள்ளே இரண்டு கார் நிற்கலாம். ஒரு நீள மேசை, ஒரு தையல் மிஷின், துணி உருளைகள், பசை அடிக்கும் துப்பாக்கி. என் அண்ணன் லாரி ஓட்டுகிறான். மாதத்தில் நாலு நாள் வீட்டுக்கு வருவான், அதில் மூன்று நாள் தூங்குவான். பதினோரு வருடத்துக்கு முன்னால், மழைக்கோட்டு தைக்கிற கம்பெனியில் இருந்த அண்ணியைக் கடைக்கு அழைத்து வந்தது நான்தான். சீட் உறை தைக்க ஓர் ஆள் வேண்டும், நாம் முதலாளியாக மேசையில் உட்கார்ந்துகொள்ளலாம் என்பது என் திட்டம். ஆறே மாதத்தில் கடைக்கு வருகிறவர்கள் என்னைத் தாண்டி எட்டிப் பார்த்து, "அண்ணி இல்லையா?" என்று கேட்கத் தொடங்கினார்கள். எழுபது வயது டாக்ஸிக்காரர்கூட அவரை அண்ணி என்றுதான் கூப்பிடுகிறார். எனக்கு மட்டும் சொந்தமான உறவு, ஊருக்கே பட்டப் பெயராகிவிட்டது. கொஞ்சம் எரிச்சல்தான், என்ன செய்வது.

அண்ணி குள்ளம். கார் கூரை வேலைக்கு அது வரம். நான் கழுத்தை மடக்கி, முதுகை வளைத்து, அரை மணி நேரத்தில் ஐயோ அம்மா என்று வெளியே வந்துவிடுவேன். அண்ணி உள்ளே சௌகரியமாக முட்டி போட்டுக்கொண்டு நாள் முழுக்க வேலை செய்வார். எந்தக் கார் வந்தாலும் முதலில் கையில் ஒன்றும் எடுக்காமல் பின் சீட்டில் போய் உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, ஐந்து நிமிடம் கூரையைப் பார்த்துக்கொண்டே இருப்பார். தூங்குகிறாரோ என்று எட்டிப் பார்த்தால், "விளக்கு ஓட்டை நடுவுல இல்ல, கம்பெனிலயே தப்பா வெட்டியிருக்கான்" என்பார்.

அவருக்கு இரண்டு சட்டங்கள். மட்கின துணியை மறுபடி ஒட்டக் கூடாது, புதுத் துணிதான் போட வேண்டும் என்பது ஒன்று. பழையதன் பின்னால் ஒட்டியிருக்கும் மாவின் மேல் எந்தப் பசையும் நிற்காது; நாலு மாதத்தில் மறுபடி விழும், செய்தவன் பெயரும் சேர்ந்து விழும். மற்றொன்று, வேலை முடிந்து அட்டையைக் காரில் ஏற்றுவதற்கு முன்னால், கார்க் கூரையின் இரும்புத் தகட்டைப் பார்த்திருக்கும் அதன் மேல்பக்கத்தில் மார்க்கரால் எழுதுவது. தேதி, என்ன துணி, என்ன செய்தோம், எங்கே தப்பு செய்தோம் எல்லாம் எழுதுவார். 'இடது கைப்பிடித் துளை ஒரு நூல் அகலமாகிவிட்டது' என்று ஒருமுறை எழுதியிருந்தார். அட்டையை ஏற்றிவிட்டால் அதை எறும்புகூடப் படிக்க முடியாது.

"யார் பாக்கப் போறாங்க அண்ணி?"

"அடுத்துக் கழட்டறவங்க."

"நீங்க பண்ண வேலையை யாரு கழட்டப் போறா?"

அந்த வார்த்தை அண்ணிக்குப் பிடித்திருந்தது. பதினோரு வருடத்தில் அவர் போட்ட கூரை ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. நான் தனியாகப் போட்டவை இரண்டு வந்திருக்கின்றன. அதைப் பற்றி இங்கே எதற்கு.

ஒரு திங்கட்கிழமை மத்தியானம் டீச்சர் கார் வந்தது. டீச்சர் என்றால் கார் ஓட்டச் சொல்லிக் கொடுக்கிறவர். பக்கத்து இருக்கையில் அமர்ந்து, தன் காலடியில் இருக்கும் தனி பிரேக் மேல் காலை வைத்துக்கொண்டு, ஊரில் பாதிப் பேரை ரோட்டுக்கு அனுப்பியவர். நானும் அவரிடம் படித்தவன்தான். இருபத்தொரு வருடமாக அதே கார். பின்னால் மேல்நோக்கித் திறக்கும் கதவு வைத்த சின்ன கார், டீச்சர் மாதிரியே ஒல்லி, டீச்சர் மாதிரியே நிற்காமல் ஓடும்.

கூரைத் துணி முழுசாகத் தொங்கியது. டீச்சர் அதை ஐம்பது அறுபது குண்டூசிகளால் அங்கங்கே குத்தி நிறுத்தியிருந்தார். நடுவில் மட்டும் வயிறு மாதிரி இறங்கி, பின்னால் வரும் வண்டியைக் காட்டும் கண்ணாடியைப் பாதி மறைத்திருந்தது.

"வெள்ளிக்கிழமை டெஸ்ட்டுக்கு ஆறு பேரைக் கூட்டிட்டுப் போகணும்" என்றார் டீச்சர். "போன தடவையே இன்ஸ்பெக்டர் சொல்லிட்டார், இந்தத் துணி இப்படியே தொங்கினா வண்டியில ஏறமாட்டேன்னு. ரெண்டு கடைக்குப் போனேன். ரெண்டு பேரும் துணியை மாத்தணும்னாங்க. மாத்தறதா இருந்தா நான் இங்கயும் நிக்கல."

காரணம் எனக்குத் தெரியும். அண்ணிக்குத் தெரியாது. அவர் வழக்கம்போலப் பின் சீட்டில் போய் உட்கார்ந்து தலையைச் சாய்த்தார், அப்படியே கொஞ்ச நேரம் அசையவில்லை.

துணி முழுக்கக் கையெழுத்து. நீலம், கறுப்பு, சிவப்பு, ஒன்றிரண்டு பச்சை. டீச்சரிடம் படித்து லைசென்ஸ் வாங்குகிற ஒவ்வொருவரும் சீட்டைப் படுக்க வைத்து, மல்லாந்து படுத்துக்கொண்டு, கூரையில் தன் பெயரையும் தேதியையும் எழுத வேண்டும். டீச்சர் கார் வாங்கிய முதல் வருடத்தில் யாரோ சந்தோஷத்தில் கிறுக்கியது, பிறகு வழக்கமாகிவிட்டது. ஒருவர் பெயருக்குக் கீழே 'நாலாவது தடவை' என்று எழுதியிருந்தார். இன்னொருவர் 'அறுபத்து மூன்று வயதில்' என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடு போட்டிருந்தார்.

"எத்தனை பேர் டீச்சர்?" என்றார் அண்ணி.

"நானூத்திப் பதினேழு. நான் என்ன சம்பாதிச்சேன்னு யாராவது கேட்டா மேல பாக்கச் சொல்லுவேன்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் கார் சாவியை இன்னும் கையிலேயே வைத்திருந்தார். "இதே துணி மேல நிக்கணும். ஒரு பேரும் போகக் கூடாது. முடியுமா, முடியாதா?"

அண்ணியின் முதல் சட்டத்துக்கு நேர் எதிரான வேலை. அவர் வாயைத் திறப்பதற்குள் என் வாய் முந்திக்கொண்டது. "பண்ணிடலாம் டீச்சர். ஒரு கவலையும் வேணாம்."

அண்ணி என்னைப் பார்த்தார். வாடிக்கையாளர் எதிரில் அவர் என்னைத் திட்டுவதில்லை, பார்ப்பதோடு சரி. பிறகு டீச்சரிடம், "ஒட்டினா நிக்காது. வேற வழி பாக்கறேன். சாவியைக் குடுங்க" என்றார். டீச்சர் என்னை நம்பாமல் அவரை நம்பிச் சாவியைக் கொடுத்தது எனக்கு நன்றாகவே தெரிந்தது.

டீச்சர் போனதும் கழற்ற ஆரம்பித்தோம். வெயில் மறைப்பு இரண்டு, கைப்பிடி மூன்று, உள்விளக்கு, கதவோரத் தூண்களை மூடியிருக்கும் பிளாஸ்டிக் எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. முன் சீட்டுகளைப் படுக்க வைத்து, பின்கதவு வழியாக அட்டையை மெல்ல உருவினோம். மேசையில் போட்டு டீச்சரின் குண்டூசிகளைப் பிடுங்கியதும் துணி தானாகவே கையோடு வந்துவிட்டது. மாவு கொட்டியது. நான் நாலு தும்மல் போட்டேன்.

ஸ்பாஞ்ச் போன பிறகு கையில் மிஞ்சியது உள்பனியன் துணியைவிட மெல்லிசு. அண்ணி அதைக் கவிழ்த்துப் போட்டு, மென்மையான பிரஷ்ஷால் மிச்ச மாவை வாரி எடுத்தார். அந்தத் துணிக்குப் பின்னால் பசை அடித்தால் முன்பக்கம் ஊறி வந்துவிடுமே என்பது எனக்கே தெரிந்தது. ஊறினாலும் பரவாயில்லை, மை கரையாமல் இருந்தால் வழி உண்டு என்று அண்ணி கணக்குப் போட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை அவர் ஸ்பாஞ்ச் துணி, அதாவது பின்னால் ஸ்பாஞ்ச் ஒட்டிய புதுத் துணி, வாங்கக் கிளம்பும்போது சொன்னார். "தம்பி, பசை மையைக் கரைக்குமான்னு பாக்கணும். அடுத்தவங்க பேர்ல பாக்க முடியாது. இதுல உன்னோடது இருக்குன்னு சொன்னியே, அதோட ஓரத்துல ஒரு சொட்டு வச்சுப் பாரு. மத்த யாரோடதையும் தொடாதே."

"சரிங்க அண்ணி" என்றேன்.

அவர் போனதும் என் கையெழுத்தைத் தேடினேன். தேடவே வேண்டாம், அவ்வளவு பெரிசு. முன் விளிம்பில், ஓட்டுகிறவர் தலைக்கு நேர் மேலே, வால் சுழித்து, அடியில் இரண்டு கோடு இழுத்து, பதினாலு வருடத்துக்கு முந்தைய தேதியோடு. வாழ்க்கையில் நான் முதல் தடவையிலேயே பாஸ் செய்தது அந்த ஒரு டெஸ்ட்தான். பள்ளிக்கூடத்தில் எதையுமே அப்படிச் செய்ததில்லை. பசைக் குச்சியை அதன் மேல் கொண்டுபோனேன், திரும்ப எடுத்தேன். இன்னொரு முறை கொண்டுபோனேன். மனசு வரவில்லை. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் நடந்தது.

துணியைச் சுற்றி வந்தேன். பின்னால் இடது மூலையில் ஒரு கிறுக்கல் இருந்தது. தேதி இல்லை. பெயர் மாதிரியும் இல்லை. கோணல் மாணலாக மூன்று நாலு வளைவு, அதில் ஒன்று தலைகீழாக. யாரோ பேனா எழுதுகிறதா என்று பார்த்திருக்கிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரே சொட்டு வைத்தேன். மை உடனே கரைந்து பரவி, என் கண் எதிரிலேயே கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு நீலக் கறையாக நின்றது. கிறுக்கல் இருந்த இடம் தெரியவில்லை.

அண்ணி வந்ததும், "கரையுது அண்ணி. ஒட்டவே முடியாது" என்று பெரிய நிபுணன் மாதிரிச் சொன்னேன். அவர் நேராகப் போய் என் கையெழுத்தைப் பார்த்தார். அது ஜம்மென்று இருந்தது.

"எதுல பாத்தே?"

"பின்னால ஒரு கிறுக்கல் இருந்தது அண்ணி. பேரெல்லாம் இல்ல."

"பேர் இல்லன்னு உனக்கு யார் சொன்னா?"

நான் அசடு வழிந்தேன். அண்ணி கறையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவர் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார்.

"அண்ணி, இருங்க. சின்னக் கறைதான். மேல விளக்கு மூடியை நகர்த்தி..."

"டீச்சர், நான் குஷன் கடையிலேர்ந்து பேசறேன்" என்றார் போனில். "எங்க கடையில ஒரு கையெழுத்து அழிஞ்சு போச்சு. பின்னால இடது மூலை. யாரோடதுன்னு தெரியல. முடிஞ்சா வந்து பாருங்க." பூசி மெழுகுகிற பேச்சு ஒன்றும் இல்லை. நான் செய்தேன் என்றும் சொல்லவில்லை.

டீச்சர் நடந்தே வந்தார். மேசையருகில் குனிந்து பார்த்தார். கையை அந்தக் கறையின் மேல் வைத்து, பிறகு எடுத்துவிட்டார். அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"இது பாப்பா எழுதினது" என்றார்.

பாப்பா என்றால் அவர் மகள், அப்போது இருபத்தாறு வயது. டீச்சர் தொழிலைத் தொடங்கியபோது மகளைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் கிடையாது. ஐந்து வயதுப் பிள்ளையைப் பின் சீட்டில் உட்கார வைத்துக்கொண்டுதான் பாடம் நடத்தியிருக்கிறார். முதல் மாணவர் பாஸாகி முன்னால் எழுதிக்கொண்டிருந்தபோது, பின்னால் இருந்தவள் சீட் மேல் ஏறி நின்று தானும் எழுதிவிட்டாள்.

"பாஸாகாம எழுதின ஒரே ஆள் அவதான். அதான் நான் கணக்குல சேக்கல." டீச்சர் குரல் ஒரே மட்டத்தில் இருந்தது. "பெரியவளானதும் என்கிட்ட கத்துக்கவே மாட்டேன்னா. அம்மா கத்துவாங்கன்னு. போன வருஷம்தான் வந்தா. ரெண்டு தடவை டெஸ்ட்டுல போயிடுச்சு. வெள்ளிக்கிழமை போற ஆறு பேர்ல அவளும் ஒருத்தி. இதை எழுதினது அவளுக்கு ஞாபகம் இல்ல. பாஸானா படுக்க வச்சுக் காட்டலாம்னு இத்தனை வருஷமா சொல்லாம வச்சிருந்தேன்."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு. எவ்வளவு பெரிய ஜம்பக்காரன் நான் என்று அன்றைக்குத்தான் முழுசாகத் தெரிந்தது.

"தப்பு எங்களோடது டீச்சர்" என்றார் அண்ணி. "போனதைக் கொண்டுவர என்னால முடியாது. முடியும்னு பொய் சொல்லமாட்டேன்."

"நான்தான் டீச்சர் பண்ணேன்" என்றேன். "அண்ணி என்னோடதுல பாக்கச் சொன்னாங்க. நான் என்னோடதைக் காப்பாத்திக்கிட்டு இதுல வச்சேன்."

டீச்சர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஸ்டியரிங்கைத் தப்பான பக்கம் திருப்பினால் பார்ப்பாரே, அதே பார்வை. பதினாலு வருடத்தில் கொஞ்சமும் மாறவில்லை. பிறகு அண்ணியிடம் திரும்பினார். "மத்ததாவது இருக்குமா?"

"இருக்கும். வெள்ளிக்கிழமை காலையில ஏழு மணிக்கு வண்டி உங்க வாசல்ல நிக்கும். இதுக்கு மேல ஒரு எழுத்து போச்சுன்னா நான் இந்த வேலையையே விட்டுடறேன்."

எங்கே போய் இவ்வளவு தைரியம் வாங்குகிறாரோ. அந்த நிமிடத்தில் அவரிடம் ஒரு வழியும் இருக்கவில்லை என்று பிறகு அவரே சொன்னார். டீச்சர் போன பிறகு துணியை மேசையில் விரித்துப் போட்டு, அது காரில் இல்லாததால் ஸ்டூலிலேயே உட்கார்ந்து, ஐந்து நிமிடம் பார்த்தார். குண்டூசி குத்திய ஓட்டைகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டார்.

"டீச்சர் சரியாத்தான் பண்ணியிருக்காங்க தம்பி" என்றார். "ஒரு ஊசிகூடப் பேர் மேல குத்தல. எல்லாம் பேருக்கும் பேருக்கும் நடுவுல. அவங்க ஊசி குத்தின எடத்துல நான் நூல் போட்டா போதும்."

அவ்வளவுதான், வழி கிடைத்துவிட்டது. புது ஸ்பாஞ்ச் துணியை அடியில் விரித்து, பழைய துணியை அதன் மேல் போட்டு, இரண்டையும் கையால் தைத்து ஒன்றாக்கிவிடுவது. பிறகு பசை ஸ்பாஞ்சின் பின்பக்கத்துக்கும் அட்டைக்கும் மட்டும்தான். மை இருக்கும் துணிக்கும் பசைக்கும் நடுவில் ஓர் அடுக்கு ஸ்பாஞ்சும் ஒரு முழுத் துணியும் இருக்கும். மட்கினதை ஒட்டக் கூடாது என்ற சட்டமும் உடையவில்லை. அண்ணி ஒட்டவில்லையே, தைக்கத்தானே செய்தார்.

புதன்கிழமை முழுக்கவும் வியாழன் மத்தியானம் வரையும் தைத்தார். துணி நிறத்திலேயே நூல், மெல்லிய ஊசி. நேர்க்கோட்டில் தைக்க முடியாது, குறுக்கே ஆட்கள் இருக்கிறார்கள். ஒரு பெயரின் வாலைச் சுற்றி, இன்னொரு தேதியின் அடியில் நுழைந்து, இரண்டு சிவப்புக் கையெழுத்துக்கு நடுவில் நெளிந்து, தையல் போய்க்கொண்டே இருந்தது. பார்க்கப் பார்க்க, நெரிசலான தெருவில் யார் மேலும் இடிக்காமல் ஒருவர் வண்டி ஓட்டிப் போவது மாதிரி இருந்தது. அண்ணிக்கு லைசென்ஸ் கிடையாது. கொட்டகைக்குள் காரை நகர்த்தக்கூட என்னைத்தான் கூப்பிடுவார்.

"லைசென்ஸ் வாங்கின நானூத்திப் பதினேழு பேரைவிட நீங்க நல்லா ஓட்டறீங்க அண்ணி."

"அட்டையைச் சுரண்டி முடிச்சியா?"

அட்டையில் ஒட்டியிருக்கும் பழைய மாவைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டி எடுப்பது இந்தத் தொழிலிலேயே கேவலமான வேலை. மூக்கு, காது, கண்ணிமை எல்லாம் போய் உட்கார்ந்துகொள்ளும். வழக்கமாக அதை ஒரு மணி நேரத்தில் ஒப்பேற்றுவேன். அந்த வாரம் ஒரு நாள் முழுக்கச் சுரண்டினேன். யாரும் சொல்லவில்லை, நானாகத்தான்.

வியாழன் மத்தியானம் ஒட்டுகிற நேரம் வந்தபோது ஒரு சிக்கல். விளிம்பில் துணி அட்டையைச் சுற்றி உள்ளே மடங்க வேண்டும். பழைய மடிப்பு மட்கிக் கிழிந்திருந்ததால் இரண்டு விரல் அகலத்துக்குத் துணி போதவில்லை. எங்கேயாவது ஒரு பக்கத்திலிருந்து இழுத்தாக வேண்டும்.

அண்ணி துணியை முன்னும் பின்னும் பிடித்துப் பார்த்தார். "பக்கவாட்டுல இடமே இல்ல. பின்னால இழுத்தா அஞ்சு பேர் உள்ள போயிடுவாங்க. முன்னால இழுத்தா ஒருத்தர்."

முன்னால் யார் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அண்ணி என் பெயரைச் சொல்லவில்லை. தலையைத் தூக்கியும் பார்க்கவில்லை. நூல் கண்டை எடுத்து ஓரமாக வைத்தார்.

"முன்னாலேயே இழுங்க அண்ணி" என்றேன். சொல்லி முடித்ததும், மூன்று நாளில் முதல் தடவையாக நெஞ்சு லேசானது.

அதற்கு முன்னால் அவருடைய இரண்டாவது சட்டம் இருந்தது. அட்டையைக் கவிழ்த்துப் போட்டு, மேல்பக்கத்தில் மார்க்கரால் எழுதினார். தேதி. 'பழைய துணி புது ஸ்பாஞ்ச் துணியோடு கையால் தைக்கப்பட்டது. பசை பின்பக்கம் மட்டும்.' அடுத்த வரி: 'பின் இடது மூலையில் ஒரு குழந்தையின் கையெழுத்து எங்கள் கையால் அழிந்தது.' எழுதிவிட்டு மார்க்கரை மூடாமல் மேசையில் வைத்துவிட்டுப் பசைத் துப்பாக்கியை எடுக்கப் போனார்.

நான் மார்க்கரை எடுத்தேன். 'எங்கள்' என்பதை அடித்துவிட்டு, மேலே 'என்' என்று எழுதினேன். அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். வால் சுழிக்கவில்லை, கோடும் இழுக்கவில்லை. அண்ணி திரும்பி வந்து படித்தார். "காயட்டும்" என்றார்.

பிறகு நடந்ததைப் பார்க்கக் காசு கொடுத்து ஆள் வரலாம். அட்டையிலும் ஸ்பாஞ்சிலும் பசை அடித்து, விரலின் பின்பக்கத்தால் தொட்டுப் பார்த்து, ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும் அந்தப் பதத்துக்குக் காத்திருந்தார். அவசரப்பட்டால் ஈரம் ஊறும், தாமதித்தால் பிடிக்காது. பதம் வந்ததும் நடுவிலிருந்து ஆரம்பித்தார். நான் ஒரு பாதியைத் தூக்கிப் பிடித்துக்கொள்ள, அவர் உள்ளங்கையால் நடுவிலிருந்து வெளியே, நடுவிலிருந்து வெளியே என்று தடவிக்கொண்டே போனார். விளக்குக் குழியில் விரல்நுனியால் அழுத்தினார். ஒரு சுருக்கமில்லை, ஒரு குமிழியில்லை. விளிம்பை மடித்தபோது என் கையெழுத்து வாலிலிருந்து தலைவரை மெதுவாக உள்ளே போனது. சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே அட்டை காரில் ஏறிவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை ஏழுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது டீச்சர் வீட்டு வாசலில் காரை நிறுத்தினேன். டீச்சர் உள்ளே உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தார். உதடு அசைந்தது. எண்ணுகிறார் என்று புரிந்தது. நூற்றைத் தாண்டுவதற்குள் நான் கிளம்பிவிட்டேன்.

மத்தியானம் இரண்டு மணிக்குக் கார் எங்கள் கொட்டகை எதிரில் வந்து நின்றது. ஓட்டி வந்தது டீச்சர் இல்லை. பாப்பா என்று சொல்லப்படும் அந்தப் பெண், அம்மாவைவிட ஒரு சாண் உயரம், ஓட்டுகிற இடத்திலிருந்து இறங்கினாள்.

"ஆறுல அஞ்சு" என்றார் டீச்சர். "இன்ஸ்பெக்டர் ஏறினதும் மேல பாத்தார். இது என்னன்னு கேட்டார். என் மார்க் ஷீட்டுன்னு சொன்னேன்."

பாப்பாவைப் பின் சீட்டில் படுக்கச் சொன்னார். அவள் கால் இரண்டும் கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அந்த நீலக் கறையை டீச்சர் விரலால் காட்டி, ஐந்து வயதில் அவள் சீட் மேல் ஏறி நின்ற கதையைச் சொன்னார். அவள் படுத்தபடியே சிரித்தாள்.

"மையைக் கொட்டினதும் நானேவா?"

"இல்லம்மா" என்றேன் வெளியிலிருந்து. "அது நான். உன் எழுத்து அங்க இருந்தது. நான்தான் அழிச்சேன். மன்னிச்சுடு."

அவள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள், பிறகு அம்மாவைப் பார்த்தாள். டீச்சர் பேனாவை நீட்டினார். அவள் கறையின் மேலேயே, நீலத்தில் பாதியும் துணியில் பாதியுமாக, பெயரையும் தேதியையும் எழுதினாள். அடியில் 'இரண்டாவது முறை' என்று சேர்த்தாள்.

"மூணாவது தடவைதானடி பாஸான" என்றார் டீச்சர்.

"டெஸ்ட் மூணாவது. கையெழுத்து ரெண்டாவது."

டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சினார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு அண்ணியிடம் வந்து, "நீங்களும் ஒண்ணு போடுங்க. பாஸாகாதவங்க போடக் கூடாதுங்கறது என் சட்டம்தான், நானே உடைக்கறேன்" என்றார்.

"உடைக்க வேணாம் டீச்சர். மேல்பக்கம் நாங்க எழுதியாச்சு" என்றார் அண்ணி. கையில் அடுத்த காரின் கைப்பிடித் திருகு இருந்தது.

என் கையெழுத்து இப்போதும் அந்தக் காரில்தான் இருக்கிறது, இரண்டு இடத்தில். பெரியது மடிப்புக்குள் இருக்கிறது. சின்னது தகட்டுக்கும் அட்டைக்கும் நடுவில், நான் செய்ததற்குக் கீழே இருக்கிறது. அடுத்துக் கழற்றுகிறவர் படித்துக்கொள்ளட்டும் என்றுதான் எழுதினேன். ஆனால் ஆறு வருடம் ஆகிவிட்டது, அந்தக் கூரை ஒரு நூல்கூட இறங்கவில்லை. அண்ணி செய்த வேலையை யாரும் கழற்றப்போவதில்லை. அதனால்தான் இங்கே சொல்லிவிட்டேன்.